புகை போகும் கடல்வழி

ஓஸ்லோவிலிருந்து தெற்கே இறங்கும் ரயில் டிராமன், டோன்ஸ்பர்க், லார்விக் ஆகிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் போர்ஸ்குருன் நகரில் கொண்டுபோய் விடுகிறது. அங்கிருந்து சிறிது தூரத்தில், ஃபியோர்டின் விளிம்பில் இருக்கிறது ப்ரெவிக். பாய்மரக் கப்பல் காலத்தில் மரம் ஏற்றிப் பிழைத்த துறைமுகம். வெள்ளையடித்த மரவீடுகளும் குறுகிய சந்துகளும் இன்னும் அப்படியே இருக்கின்றன. அவற்றைப் பார்க்க வருகிறவர்களின் கண்ணில் பக்கத்துச் சிமென்ட் ஆலை உறுத்தத்தான் செய்யும். ஊரின் அண்மைக்கால வரலாறு என்னவோ அந்த ஆலையைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது. ஃபியோர்டுக்கு அடியில் சுரங்கம் வெட்டிச் சுண்ணாம்புக்கல் எடுத்து, நூறாண்டுகளாக நார்வேக்குச் சிமென்ட் கொடுத்து வருகிறது. 2025 ஜூன் 18 அன்று அதன் சூளைக்குப் பக்கத்தில் இன்னொரு ஆலை முறைப்படி திறக்கப்பட்டது. அந்த ஆலை எதையும் உற்பத்தி செய்வதில்லை. சூளையின் புகையை உள்ளே இழுத்து, அமீன் என்ற ரசாயனக் கரைசலின் ஊடாகச் செலுத்தி, அதிலுள்ள கரியமில வாயுவை மட்டும் பிரிக்கிறது. பிறகு கரைசலைச் சூடாக்கி வாயுவை வெளியேற்றி, அழுத்திக் குளிர்வித்துத் திரவமாக்கித் துறைமுகத் தொட்டியில் நிரப்புகிறது. ஆண்டுக்கு 4 லட்சம் டன், அதாவது ஆலை வெளியேற்றும் வாயுவில் சுமார் பாதி. மீதிப் பாதியை விட்டதற்குக் காரணம் உண்டு. கரைசலைச் சூடாக்கச் சூளையின் கழிவு வெப்பத்தையே பயன்படுத்துகிறார்கள். அந்த இலவச வெப்பம் அவ்வளவுக்குத்தான் வரும்.

சிமென்ட்டில் தொடங்கியது ஏன் என்று கேட்டால், வேறு வழி இல்லாத தொழில் அது. மின்சாரத்துக்குக் காற்றாலை இருக்கிறது, காருக்கு மின்கலம் இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுடும்போது கல்லே உடைந்து கரியமில வாயுவை விடுகிறது. சிமென்ட் ஆலையின் புகையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இப்படிக் கல்லிலிருந்து வருவது. நிலக்கரியை நிறுத்திவிட்டுச் சூரிய மின்சாரத்தில் சூளையை ஓட்டினாலும் இந்தப் பங்கு குறையாது. உலகின் மொத்தக் கரியமில வாயுவில் 7, 8 சதவீதம் சிமென்ட்டுடையது. ஆக, பிடித்துப் புதைப்பது என்ற உத்தி எங்காவது நியாயப்படுமானால் இங்கேதான் நியாயப்படும். நிலக்கரி மின்நிலையங்களுக்கு அதை ஒட்டவைக்கப் பார்த்துத்தான் உலக நாடுகள் இருபது ஆண்டுகளையும் பெரும் பணத்தையும் விட்டன. தொழில்நுட்பம் சாத்தியமா என்பது இன்று பெரிய கேள்வியாக இல்லை. அரசு இதற்குப் பணம் கொடுத்தால் அந்தப் பணம் பொருளாதாரத்தில் என்ன செய்கிறது, எப்போது பயனாகிறது, எப்போது வீணாகிறது என்பதே கேள்வி. அதற்கு விடை தேட நார்வேயை விடத் தோதான நாடு இல்லை. மூன்று வெவ்வேறு கொள்கைகளை அந்த ஒரே நாடு முப்பது ஆண்டுகளுக்குள் முயன்று பார்த்திருக்கிறது. மூன்றின் சுவடுகளும் ஒரே கடற்கரையை ஒட்டிக் கிடக்கின்றன.

முதலில் பணக்கணக்கு. 2020 செப்டம்பரில் நார்வே அரசு 'லாங்ஸ்கிப்' என்ற திட்டத்தை அறிவித்தது. நெடுங்கப்பல் என்று பொருள். வைக்கிங்குகள் கொள்ளைக்குப் போன கப்பலின் பெயரைப் புகை ஏற்றும் திட்டத்துக்கு வைத்த குறும்பை ரசிக்கலாம். ப்ரெவிக் சிமென்ட் ஆலை, ஓஸ்லோவின் குப்பையெரிப்பு ஆலை, இரண்டிலிருந்தும் வாயுவைக் கொண்டுபோய்க் கடலடியில் புதைக்கும் அமைப்பு ஆகிய மூன்றுக்கும் சேர்த்து அன்றைய மதிப்பீடு 2,510 கோடி குரோனர். கட்டுமானத்துக்கு 1,710 கோடி, பத்தாண்டு ஓட்டச் செலவு 800 கோடி. மொத்தத்தில் அரசின் பங்கு 1,680 கோடி, மூன்றில் இரண்டு பங்கு. இரண்டு ஆலைகளும் ஆளுக்கு 4 லட்சம் டன் வீதம் பத்தாண்டுகள் பிடித்தால் 80 லட்சம் டன். வகுத்துப் பார்த்தால் டன்னுக்கு 3,100 குரோனருக்கு மேல் வருகிறது, அதாவது 250 யூரோவைத் தாண்டிய தொகை. ஐரோப்பிய உமிழ்வு உரிமச் சந்தையில் ஒரு டன்னின் விலை 2023 பிப்ரவரியில்தான் முதன்முறையாக 100 யூரோவைத் தொட்டது. தொட்ட கையோடு இறங்கியும் விட்டது. நூறு ரூபாய் அபராதத்தைத் தவிர்க்க இருநூற்றைம்பது ரூபாய் செலவழிக்கும் புத்திசாலித்தனம் என்று இதை எதிர்ப்பவர்கள் சொல்லும்போது அவர்களுடைய வகுத்தலில் பிழை இல்லை. எதை எதனால் வகுக்கிறார்கள் என்பதில்தான் பிழை. ஒரு பாலத்தின் செலவை முதல் நாள் அதைக் கடந்த வண்டிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் எந்தப் பாலமும் கட்டுப்படியாகாது. அந்த 2,510 கோடியில் எவ்வளவு டன் வாங்கியது, எவ்வளவு பாலம் கட்டியது என்பதைத் தெரிந்துகொள்ள, வாயு போகும் வழியிலேயே போய்ப் பார்க்க வேண்டும்.

ப்ரெவிக் துறையில் திரவ வாயுவை ஏற்றும் கப்பல் நார்வேயின் தென்முனையைச் சுற்றி, ஸ்டாவங்கரைக் கடந்து, மேற்குக் கரை வழியே வடக்கே ஏறுகிறது. சுமார் 700 கிலோமீட்டர். கப்பலின் வயிற்றில் 7,500 கன மீட்டர் சரக்கு, பதினைந்து மடங்கு காற்றழுத்தத்தில், பூஜ்யத்துக்குக் கீழே 26 டிகிரிக் குளிரில். நார்தர்ன் பயனியர், நார்தர்ன் பாத்ஃபைண்டர் என்று பெயர் பெற்ற முதலிரண்டு கப்பல்களும் சீனாவின் தாலியன் தளத்தில் கட்டப்பட்டவை. இயக்குவது ஜப்பானின் கே லைன் நிறுவனம். மானியம் கொடுத்தால் உள்நாட்டில் வேலை பெருகும் என்று மேடையில் பேசும் அமைச்சர்கள் இந்த இரண்டு வரிகளை ஒருமுறை படிக்கலாம். புதுத்தொழில் ஒன்றுக்கு அரசு பணம் போட்டால் அதில் கணிசமான பங்கு எங்கே மலிவாகக் கட்டுகிறார்களோ அங்கே போய்விடும். அதைத் தடுத்தால் திட்டத்தின் விலை ஏறும். ப்ரெவிக்கில் கிடைத்த வேலைப் பயன் வேறு வகையானது. கார்பன் விலை ஏறிக்கொண்டே போகும் ஐரோப்பாவில் மூடப்படும் வரிசையில் நின்றிருக்கக்கூடிய ஆலை ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. காப்பாற்றப்பட்ட வேலையை எண்ணிக் காட்டுவது கடினம் என்பதால் பொருளாதார அறிக்கைகள் அதைக் குறைத்தே மதிக்கின்றன.

கப்பல் கரை சேரும் இடம் ஓய்கார்டன், பெர்கன் நகருக்கு மேற்கே கடலை நோக்கிச் சிதறிக் கிடக்கும் தீவுகளின் வரிசை. மரமற்ற பாறை, புல், ஓயாத காற்று. பாறையைச் சமன்செய்த தளத்தில் உயரமான வெள்ளைத் தொட்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஈக்வினோர், ஷெல், டோட்டல்எனர்ஜீஸ் மூன்றும் சம பங்காளிகளாக நடத்தும் நார்தர்ன் லைட்ஸ் நிறுவனத்தின் முனையம் அது. 2024 செப்டம்பரில் தயாரானது. அண்டையில் கோல்ஸ்னெஸ் எரிவாயு ஆலை. டுரோல் வயலின் எரிவாயு அங்கே கரையேறி ஐரோப்பாவுக்குக் குழாயில் போகிறது. ஒரு குழாயில் எரிபொருள் மேலே வருகிறது, பக்கத்துக் குழாயில் எரிந்த மிச்சம் கீழே போகிறது. கீழே போகும் குழாய் கடலடியில் சுமார் நூறு கிலோமீட்டர் ஓடி, கடற்படுகைக்குக் கீழே 2,600 மீட்டர் ஆழத்தில் உப்புநீர் ஊறிய மணற்கல் அடுக்கில் வாயுவை விடுகிறது. முதல் வாயு 2025 ஆகஸ்டில் இறங்கியது. முதல் கட்டத்தின் கொள்ளளவு ஆண்டுக்கு 15 லட்சம் டன். அந்த இடம் முழுவதும் விற்றுவிட்டது: நெதர்லாந்தின் ஸ்லைஸ்கில் உர ஆலைக்காக யாரா நிறுவனம் ஆண்டுக்கு 8 லட்சம் டன்னுக்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறது, டென்மார்க்கின் இரண்டு அனல் நிலையங்களிலிருந்து ஓர்ஸ்டெட் 4.3 லட்சம் டன் அனுப்ப ஒப்புக்கொண்டிருக்கிறது. இதில் கவனிக்க வேண்டிய பொருளாதாரச் செய்தி ஒன்று உண்டு. கடலடிக் குழாயை முதல் கட்டத்திலேயே ஆண்டுக்கு 50 லட்சம் டன் போகும் அளவில் பதித்துவிட்டார்கள். தேவையைப் போல மூன்று மடங்குக்கும் மேல். கையில் இருந்த வாடிக்கையாளர்கள் இரண்டே பேர், அவர்களுக்கும் அரசுதான் பணம் கொடுக்கிறது என்ற நிலையில் எந்தத் தனியார் முதலீட்டாளரும் இப்படிப் பதித்திருக்க மாட்டார். அரசுப் பணத்தின் வேலை அங்கேதான் நடந்தது.

விளைவு 2025 மார்ச்சில் தெரிந்தது. 750 கோடி குரோனர் செலவில் கொள்ளளவைக் குறைந்தது 50 லட்சம் டன்னாக உயர்த்த மூன்று நிறுவனங்களும் முடிவெடுத்தன. புதுத் தொட்டிகள், பம்புகள், இன்னொரு படகுத்துறை, மேலும் சில கிணறுகள் போதும். குழாய் ஏற்கெனவே கிடக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 13.1 கோடி யூரோ கொடுத்தது. மற்றது வணிக முடிவு. அதைத் தூண்டியது ஸ்டாக்ஹோம் எக்ஸர்ஜி என்ற வெப்ப நிறுவனம் ஆண்டுக்கு 9 லட்சம் டன் வரை 15 ஆண்டுகளுக்கு அனுப்பப் போட்ட ஒப்பந்தம். அந்த நிறுவனத்துக்கு ஸ்வீடன் அரசு ஏலத்தின் வழியாக 15 ஆண்டுகளில் 2,000 கோடி குரோனா வரை தரவிருக்கிறது. ஆகவே இரண்டாம் கட்டத்தில் அரசுப் பணமே இல்லை என்று சொல்ல முடியாது. அது நார்வே வரிதாரரின் பையிலிருந்து ஸ்வீடன் வரிதாரரின் பைக்கு இடம் மாறியிருக்கிறது. ஆனாலும் வேறுபாடு பெரிது. முதல் கட்டத்தில் பிடிப்பவருக்கும் புதைப்பவருக்கும் ஒரே அரசு சேர்த்துக் கொடுத்து, இருவரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கும் முட்டுக்கட்டையை உடைத்தது. குழாய் இல்லாமல் யாரும் பிடிக்க மாட்டார்கள், வாயு இல்லாமல் யாரும் குழாய் போட மாட்டார்கள். இரண்டாம் கட்டத்தில் அந்த முட்டுக்கட்டை இல்லை. புதைக்கும் கூலிக்குச் சந்தையில் ஒரு விலை உருவாகிவிட்டது. விலை கட்டுப்படியாகிறவர்கள் வருகிறார்கள். பொதுப்பாதையைக் கட்டும் வரையில் மானியத்துக்கு வேலை இருக்கிறது என்பதும், பாதை அமைந்த பிறகு ஒவ்வொரு வண்டிக்கும் சுங்கம் கட்டிக்கொண்டிருப்பது அதன் வேலை ஆகாது என்பதும் இந்தக் கட்டுரையின் வாதம். பாதைக்குப் பின்னால் கார்பனுக்கு ஒரு விலை நிற்கவில்லை என்றால் பாதையும் வீண் என்பது வாதத்தின் மறுபாதி.

மறுபாதிக்குச் சான்று அதே கரையில், பெர்கனுக்கு வடக்கே மோங்ஸ்டாட்டில் இருக்கிறது. 2007 புத்தாண்டு உரையில் அன்றைய பிரதமர் யென்ஸ் ஸ்டோல்டன்பர்க் அங்கே கட்டவிருந்த பிடிப்பு ஆலையை நார்வேயின் நிலாப்பயணம் என்று வருணித்தார். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் அதை ஒட்டிய எரிவாயு மின்நிலையமும் விடும் புகையை முழு அளவில் பிடிப்பதாகத் திட்டம். 2012-ல் சோதனை மையம் திறந்தது. 2013 செப்டம்பரில், அவருடைய அரசு பதவியை விட்டு இறங்கும் தறுவாயில், முழு அளவுத் திட்டம் கைவிடப்பட்டது. நிலாவுக்குப் போகும் திட்டத்துக்கு ஒரு குணம் உண்டு: போய்ச் சேர்ந்தவுடன் வேலை முடிந்துவிடும். பொருளாதாரத்தில் அப்படி ஒரு முடிவு கிடையாது. மறுநாளும் ஆலை ஓட வேண்டும், அதற்கு யாராவது பணம் கட்ட வேண்டும். மோங்ஸ்டாட்டில் பிடிக்கும் வாயு ஒரே இடத்துக்குரியது, பாதை ஒருவருக்குரியது, பின்னால் வரக்கூடிய இரண்டாவது வாடிக்கையாளர் என்று யாரும் இல்லை. செலவு ஏறியபோது தாங்கிப் பிடிக்க அரசியல் பெருமை ஒன்றுதான் இருந்தது. சோதனை மையம் மட்டும் பிழைத்தது. பல நாட்டு நிறுவனங்கள் தங்கள் கரைசல்களைக் கொண்டுவந்து சோதிக்கும் இடமாக இன்றும் பயன்படுகிறது. தோல்வியின் மிச்சத்தில் ஆகப் பயனுள்ள பகுதி, எல்லோருக்கும் பொதுவாகத் திறந்து வைத்த பகுதியாக இருப்பது தற்செயல் என்று தோன்றவில்லை.

மூன்றாவது சுவடு கண்ணுக்குத் தெரியாது. வடகடலின் நடுவே, ஸ்டாவங்கரிலிருந்து மேற்கே வெகு தொலைவில், ஸ்லைப்னர் எரிவாயு மேடை. அங்கே மேலே வரும் எரிவாயுவில் 9 சதவீதம் கரியமில வாயு. விற்க வேண்டுமானால் 2.5 சதவீதத்துக்குக் குறைக்க வேண்டும். பிரித்ததைக் காற்றில் விடுவதுதான் உலக வழக்கம். 1991-ல் நார்வே கடல் மேடைகளுக்குக் கார்பன் வரி போட்டது, டன்னுக்கு அன்றைய மதிப்பில் சுமார் 50 டாலர். ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னைக் காற்றில் விட்டால் ஐந்து கோடி டாலர் வரி. மேடையை நடத்திய நிறுவனம் கணக்குப் போட்டது. 1996 முதல் அந்த வாயு கடற்படுகைக்கடியில் உட்சிரா மணற்கல்லில் இறங்கிக்கொண்டிருக்கிறது. நிலாப்பயணம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை. மானியத்துக்கு எதிரானவர்கள் விரும்பிச் சொல்லும் கதை இது: வரி போடு, மற்றதைச் சந்தை பார்த்துக்கொள்ளும். முழு உண்மையாகச் சொன்னால் இரண்டு திருத்தம் வேண்டும். ஒன்று, நார்வேயின் எண்ணெய் நிறுவனங்கள் லாபத்தில் 78 சதவீதம் வரி கட்டுகின்றன. புதைக்கும் செலவை அந்த லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். ஆகவே செலவின் பெரும்பகுதி சுற்றி வளைத்து அரசின் கணக்கில்தான் விழுந்தது. இரண்டு, ஸ்லைப்னரில் வாயு ஏற்கெனவே பிரிந்து கையில் இருந்தது, புதைக்கும் இடமோ காலடியிலேயே இருந்தது. பிடிக்கும் செலவும் கிடையாது, 700 கிலோமீட்டர் கப்பலும் கிடையாது. அதே 50 டாலர் வரியை ப்ரெவிக் சிமென்ட் ஆலைக்குப் போட்டிருந்தால் அது பிடிப்பு ஆலை கட்டியிருக்காது. விலையை ஏற்றியிருக்கும், அல்லது மூடியிருக்கும், நார்வே வேறு நாட்டிலிருந்து சிமென்ட் வாங்கியிருக்கும். விலை மட்டும் இருந்தால் அருகிலிருப்பவர்கள் மட்டும் செய்வார்கள். தொலைவில் இருப்பவர்களுக்குப் பாதை வேண்டும்.

பாதையும் வேண்டாம், விலையும் வேண்டாம், டன்னுக்கு இவ்வளவு என்று பரிசு கொடுத்தால் போதும் என்ற வழியை எடுத்தது அமெரிக்கா. 2008-ல் தொடங்கிய 45க்யூ என்ற வரிச்சலுகை, 2022-ன் பணவீக்கக் குறைப்புச் சட்டத்தில் புதைக்கும் டன்னுக்கு 85 டாலராக ஏறியது. 12 ஆண்டுகள் கிடைக்கும். வெளியே விடுவதற்குத் தண்டனை இல்லை, பிடிப்பதற்குப் பரிசு உண்டு. இந்த ஏற்பாட்டில் முதலில் ஓடிவருபவர்கள் பிடிப்பது மலிவாக இருக்கும் எத்தனால் ஆலைகளும் எரிவாயுச் சுத்திகரிப்பு ஆலைகளும்தான். பிடிப்பதற்குச் செலவு அதிகமான சிமென்ட்டும் இரும்பும் பின்வரிசையில் நிற்கும். பழைய எண்ணெய்க் கிணற்றில் வாயுவைச் செலுத்தி மிச்ச எண்ணெயை மேலே தள்ளுவதற்கும் பரிசு உண்டு. 2025-ல் அதன் தொகையையும் 85 டாலருக்கே உயர்த்திவிட்டார்கள். அதற்கு முன்பு நேரடி மானியமாகக் கொடுத்துப் பார்த்த அனுபவமும் இனிப்பானதல்ல. நிலக்கரி நிலையங்களில் எட்டுத் திட்டங்களுக்கு எரிசக்தித் துறை சுமார் 68 கோடி டாலர் செலவழித்தது, ஓடியது ஒன்றே ஒன்று என்று அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2021-ல் எழுதியது. மிசிசிப்பியின் கெம்பர் நிலையம் 750 கோடி டாலரை விழுங்கியபின் 2017-ல் நிலக்கரியைக் கைவிட்டுச் சாதாரண எரிவாயு நிலையமானது. நெதர்லாந்து இதை விடக் கெட்டிக்காரத்தனமாகச் செய்கிறது. ராட்டர்டாம் துறைமுகத்தின் போர்த்தோஸ் திட்டத்தில் பங்கேற்கும் நான்கு நிறுவனங்களுக்கு 210 கோடி யூரோ வரை மானியம் ஒதுக்கியிருந்தாலும், அது பிடிக்கும் செலவுக்கும் ஐரோப்பிய உரிம விலைக்கும் உள்ள இடைவெளிக்கு மட்டும்தான். விலை ஏறினால் மானியம் தானாகத் தேயும். கொடுக்கும்போதே முடிவை எழுதிக் கொடுக்கும் மானியம் அரிது.

பெர்கனிலிருந்து ஓஸ்லோவுக்கு ரயிலில் ஏழு மணி நேரம் ஆகும். 1909-ல் திறந்த அந்தப் பாதை மலைமுதுகில் 1,222 மீட்டர் உயரத்து ஃபின்சே வரை ஏறி இறங்குகிறது. பாதைக்குப் போட்ட பணத்தை யார் வாதிட்டு வாங்கினார்கள் என்பது இன்று யாருக்கும் நினைவில்லை. எதிர்வாதங்களை எடைபோட அந்த ஏழு மணி நேரம் போதும். வலுவான எதிர்வாதம் நியாயம் பற்றியது: அழுக்காக்கியவனுக்கே கூலி கொடுக்கிறோம். எண்ணெய் விற்ற ஈக்வினோரும் ஷெல்லும் டோட்டலும் இப்போது எரிந்த மிச்சத்தைப் புதைத்தும் சம்பாதிக்கின்றன. ஈக்வினோரில் 67 சதவீதம் நார்வே அரசுடையது. அரசு ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் வாங்கிக்கொள்கிறது என்றும் சொல்லலாம். இதில் மறுக்க ஒன்றுமில்லை. கடலடிப் பாறையைப் படித்தவர்கள், கிணறு தோண்டத் தெரிந்தவர்கள் அவர்கள்தான் என்பதால் அவர்களைத் தவிர்க்கவும் முடியாது. செய்ய முடிந்ததைச் செய்யவில்லை என்பதே நார்வேயின் மீது வைக்கக்கூடிய குற்றச்சாட்டு. இவ்வளவு பொதுப்பணம் போட்ட குழாயில் எதிர்கால லாபத்துக்குப் பொதுமக்களுக்கு இன்னும் தெளிவான பங்கை எழுதியிருக்கலாம். அளவையும் மறக்கக்கூடாது. நார்வேயின் உள்நாட்டு உமிழ்வே ஆண்டுக்குச் சுமார் நாலரைக் கோடி டன். அது ஏற்றுமதி செய்யும் எண்ணெயும் எரிவாயுவும் வெளியே எரிந்து விடும் புகையோடு ஒப்பிட்டால் ஓய்கார்டன் ஒரு துளி. புதைக்கும் வசதி இருக்கிறது என்று காட்டிப் புது எண்ணெய் வயல் திறக்க அனுமதி கேட்பவர்களை நம்பாமல் இருப்பது நல்லது.

அடுத்த எதிர்வாதம் தமிழ்நாட்டிலிருந்தே வரக்கூடும். தூத்துக்குடியில் ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில், கார்பன் கிளீன் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு, நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் வரை கரியமில வாயுவைப் பிடித்துச் சோடா சாம்பல் செய்யும் அமைப்பு 2016-ல் மானியம் இல்லாமலேயே ஓடத் தொடங்கியது. உலகப் பத்திரிகைகள் எழுதின. தூத்துக்குடி செய்ததை நார்வே ஏன் இத்தனை கோடி கொட்டிச் செய்ய வேண்டும்? பெருமைப்படத் தக்க காரியம்தான், ஆனால் அது வேறு காரியம். அங்கே வாயு ஒரு மூலப்பொருள். வெளியிலிருந்து வாங்க வேண்டியதைத் தன் புகையிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். வாங்குபவர் இருக்கும் வரை மானியம் வேண்டாம். சோடா சாம்பலின் தேவையோ சிமென்ட்டின் புகையோடு ஒப்பிடக் கடுகளவு. போதாததற்கு அந்தச் சாம்பலைக் கண்ணாடி உலையில் உருக்கினால் பிடித்த வாயு திரும்பக் காற்றுக்கே வந்துவிடும். பயன்படுத்துவதும் புதைப்பதும் ஒன்றல்ல என்பதை இந்தியாவின் கொள்கை ஆவணங்கள் அடிக்கடி ஒரே மூச்சில் சொல்லிக் குழப்புகின்றன. 2019-ல் அதே கார்பன் கிளீனோடு சேர்ந்து அரியலூர் ஆலையில் ஆண்டுக்கு 5 லட்சம் டன் பிடிக்கப்போவதாக டால்மியா சிமென்ட் அறிவித்தது. ப்ரெவிக்கை விடப் பெரிய அளவு. ஆனால் அரியலூரில் பிடித்த வாயுவைக் கொண்டுபோக இந்தியாவில் பொதுக்குழாயும் இல்லை, பொதுக் கிடங்கும் இல்லை. காற்றில் விட்டால் டன்னுக்கு இவ்வளவு என்று கேட்கும் வரியும் இல்லை. 2023-ல் அறிவித்த கார்பன் வர்த்தகத் திட்டம் ஒரு டன் உற்பத்திக்கு எவ்வளவு உமிழ்வு என்று கணக்கிடுகிறது, மொத்த உமிழ்வுக்கு உச்சவரம்பு வைக்கவில்லை. இதற்கிடையே 2026 ஜனவரி 1 முதல் ஐரோப்பாவின் எல்லைக் கார்பன் கட்டணம் நடைமுறைக்கு வந்துவிட்டது. இந்திய இரும்பும் அலுமினியமும் ஐரோப்பாவில் நுழையும்போது அவற்றின் தயாரிப்பில் எழுந்த புகைக்கு விலை வசூலிக்கப்படும். உள்ளூரில் வசூலித்திருந்தால் உள்ளூர்க் குழாய்க்கு ஆகியிருக்கக்கூடிய பணம்.

கசிந்தால் என்ன என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. பொறியியல் கேள்வி போலத் தெரிந்தாலும் இது பணக்கேள்வியும் கூட. வட நார்வேயின் ஸ்னோவிட் வயலில் 2008-ல் புதைக்கத் தொடங்கி மூன்றே ஆண்டுகளில் பாறையின் அழுத்தம் எதிர்பார்த்ததை விட ஏறி, வேறு அடுக்குக்கு மாற்ற நேர்ந்தது. 2020-ல் மிசிசிப்பியின் சட்டார்ஷியாவில் கரியமில வாயுக் குழாய் வெடித்து 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். 2009-ன் ஐரோப்பிய ஆணைப்படி, கிடங்கை மூடிக் குறைந்தது இருபது ஆண்டுகள் கழித்து, வாயு நிலையாக இருக்கிறது என்று மெய்ப்பித்தால், பொறுப்பு நிறுவனத்திடமிருந்து அரசுக்கு மாறும். அதற்குப் பிறகு நூற்றாண்டுக் காலத்துக்குக் காவல் காப்பது வரிதாரர். எந்த மானியப் பட்டியலிலும் எழுதாத மானியம் இது, ஒருவேளை எல்லாவற்றிலும் பெரியது. இதை ஒளிக்காமல், ஒவ்வொரு டன் கூலியிலிருந்தும் ஒரு சிறு பங்கைத் தனி நிதியாகப் பிரித்து வைக்க வேண்டும் என்பதே சரியான பதில். புதைக்கவே கூடாது என்ற பதில் சிமென்ட்டின் புகையை என்ன செய்வது என்ற கேள்வியை அந்தரத்தில் விட்டுவிடுகிறது.

ரயில் திரும்பிச் சேரும் ஓஸ்லோவில், நகரின் தென்கிழக்கே கிளமெட்ஸ்ரூட் குப்பையெரிப்பு ஆலை இருக்கிறது. நெடுங்கப்பல் திட்டத்தின் இன்னொரு கால். நகரத்தின் குப்பையை எரித்து வீடுகளுக்கு வெந்நீர் தருகிறது. 2023 ஏப்ரலில், செலவு ஏறிவிட்டதென்று இங்கே பிடிப்பு ஆலையின் வேலையை நிறுத்தினார்கள். திருத்திய கணக்கோடு 2025 ஜனவரியில் மறுபடி தொடங்கினார்கள். ஆண்டுக்கு 3.5 லட்சம் டன், 2029-ல் ஓட வேண்டும். வாயு லாரியில் துறைமுகத்துக்குப் போய், அங்கிருந்து கப்பலில் ஓய்கார்டனுக்குப் போகும். பாதை தயாராக இருக்கிறது. இங்கே தடுமாறுவது விலை. குப்பை எரிப்பதற்கு நார்வே 2022 முதல் கார்பன் வரி போடுகிறது. எல்லைக்கு அப்பால் ஸ்வீடன் தன் எரிப்பு வரியை 2023-ல் நீக்கிவிட்டது. வரி இருக்கும் பக்கத்தின் குப்பை வரி இல்லாத பக்கத்துக்கு லாரியில் போகும் என்று நார்வே ஆலைகள் முறையிடுகின்றன, அந்த முறையீட்டில் பொருள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது விதிப்படி நகரக் குப்பையெரிப்பு ஆலைகள் 2024 முதல் தங்கள் புகையை அளந்து சொல்ல வேண்டும். அதற்கு விலை கொடுக்கச் சொல்லும் விதி இன்னும் எழுதப்படவில்லை.